படக்குழாயில் ஒரு பொட்டு

மலேசியாவில், கமுந்திங்கில் டிவி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் ஒரே ஒரு சாமானுக்கு ஈயம் வைத்தவள் பெட்ரீசியா. அதற்கு ஃப்ளைபேக் என்று பெயர். படக்குழாய்க்கு இருபத்தைந்தாயிரம் வோல்ட் அனுப்பும் சுருள். கண்ணைக் கட்டிவிட்டாலும் அதன் பத்துக் கால்களையும் பிசகாமல் பற்றவைப்பாள். முழு டிவியைத் திறந்து பார்த்ததென்னவோ தொழிற்சாலை மூடிய பிறகுதான்.

துணிச்சலுக்கு மட்டும் குறைவில்லை. சுங்கை சிப்புட்டில் வீட்டு வாசலில் 'டிவி, ரேடியோ பழுது பார்க்கப்படும்' என்று பலகை மாட்டினாள். ஆறு மாதம் வெறும் மின்காற்றாடிகளாக வந்தன. முதலில் வந்த டிவி ஈப்போ சந்திரமதி டீச்சருடையது. மரப்பெட்டி போட்டது, நாற்பது வயதைத் தாண்டியது. ஓய்வு பெற்ற அந்தத் தலைமையாசிரியையிடம் புது டிவியும் இருந்தது. ஆனால் ஓடாத பொருள் வீட்டில் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

கருகிக் கிடந்த ஃப்ளைபேக்கை மாற்றினாள். படம் வந்தது. பத்தாம் நாள் அதே கருகல் வாடையுடன் டிவி திரும்பி வந்தது. பழைய சாமான் கடைகளில் அலைந்ததில் இன்னும் ஒன்றே ஒன்று கிடைத்தது. இதுவும் எரிந்தால் பலகையைக் கழற்றிவிட்டு சூப்பர்மார்க்கெட் வேலைக்குப் போய்விடுவதாகக் கணவன் பாஸ்கலிடம் சொல்லிவிட்டாள். சொல்லும்போதே அழுகை வந்தது.

பாஸ்கல் சொன்னான், "அவசரப்படாத. ஏன் எரியுதுன்னு பாரு, அப்புறம் அழலாம்."

பட்டப்பகலில் சன்னல்களைச் சாத்தி, கடைசி ஃப்ளைபேக்கைப் பொருத்தி, போனால் போகட்டும் என்று சுவிட்சைத் தட்டினாள். இருட்டில் நீலப்பொறி ஒன்று ஊர்ந்தது. படக்குழாயின் ரப்பர் மூடியிலிருந்து கிளம்பி, கண்ணாடி மேலிருந்த தடித்த சந்தனப் பொட்டுக்கே போனது. சட்டென்று அணைத்தாள்.

அந்தப் பொட்டை முதல் நாளே பார்த்திருந்தாள். சந்தனம், குங்குமம், சுற்றிலும் சாம்பிராணிக் கரி. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி அவள். அடுத்தவர் சாமி விஷயத்தில் கை வைக்கலாமா? பொட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் பயபக்தியோடு துடைத்திருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

போன் போட்டதும் டீச்சர் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு டிவி பின்மூடியைக் கழட்டி நான்தான் வைக்கிறேன். போன வருஷப் பொட்டு மேலயே இந்த வருஷப் பொட்டு," என்றார் பெருமையோடு.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொட்டு வழியாத்தான் கரண்டு ஓடுது. துடைக்கணும்."

"இவ்வளவு நாள் இதுக்கா தயங்குனீங்க? சாமிக்கு இதெல்லாம் தெரியும் லா. துணியைக் குடுங்க."

குழாயில் தங்கியிருந்த மின்சாரத்தை பெட்ரீசியா இறக்கிக் கொடுக்க, டீச்சரே சுரண்டித் துடைத்தார். கண்ணாடி பளிச்சென்றானது. சுவிட்சைத் தட்டினாள். பொறி இல்லை, வாடை இல்லை. ஒரு மணி நேரம் போனது. படம் தடையில்லாமல் ஓடியது. பெட்ரீசியாவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது, குதித்தும் விட்டாள்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க தெருவுல பதினோரு வீடு," என்றார் மெல்ல. "ரேடியோ, மிக்சி, தையல் மெஷின்னு எல்லாத்துக்கும் மூடியைக் கழட்டி உள்ளே பொட்டு வைக்க நான்தான் சொல்லிக் குடுத்தேன். நாளைக்கே லோரி பிடிச்சு அனுப்புறேன்."