மாடிப்படியில் அடுக்கிய புத்தகங்கள்

எங்கள் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்த்தவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை, வருகிறவர்களுக்கு எழுத்தைக் காட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வேலை முடிந்ததும் நேரே பழைய புத்தகக் கடை. வெறுங்கையோடு வீடு திரும்பிய நாள் எனக்கு நினைவில்லை. எல்லாம் ரிட்டயர் ஆனபின் படிக்க என்பார்.

ரிட்டயரும் ஆனார். கடைக்குப் போவதுதான் கூடியது. கீழ் அறை நிறைந்தது, அப்புறம் மாடிப்படி. ஒவ்வொரு படியிலும் சுவரோரமாக அடுக்கி, ஆள் நடக்க ஒரு கால் வைக்கும் அகலம் மட்டும் விட்டிருந்தார். அக்கா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். "இதோ, இந்த வாரம் எடுத்துடறேன்" என்பார். ஒரு நாள் துவைக்க வேண்டிய துணியோடு இறங்கிய அக்கா சறுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன்.

இனி அவள் படி ஏறக்கூடாது, கீழேயே கட்டில் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். அதற்குள் கீழ் அறை காலியாக வேண்டும். லீவு போட்டுவிட்டு நான் வந்து சேர்ந்தேன். எனக்கு மட்டும் என்ன இளமை ஊஞ்சலாடுகிறதா? முதல் நாளே முதுகு விண்விண் என்று தெறித்தது.

நான் ஒதுக்கிப் போடுவேன், அத்தான் எடுத்து உள்ளே வைப்பார். "இது இப்ப கிடைக்காதும்மா." "இதுக்கு அட்டையே அழகு." ஒரே புத்தகம் மூன்று இடத்திலிருந்து வந்தது. வாங்கியதை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் மறுபடி வாங்கி, அதையும் காணாமல் மூன்றாவதும் வாங்கியிருக்கிறார். மூன்றையும் யாரும் பிரித்த அடையாளமே இல்லை. சரி, இரண்டையாவது தள்ளுங்கள் என்றேன். எதன் முதுகு கிழியாமல் இருக்கிறது என்று ஆராயத் தொடங்கிவிட்டார்.

வியாழக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தார். அவர் சாக்கில் போடப் போட, அத்தான் இந்தப் பக்கம் உருவினார்.

"சார், நான் வாங்க வந்தேனா, உங்களுக்கு எடுத்துக் குடுக்க வந்தேனா?" என்றார் அவர்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அத்தான், நாளைக்கு அக்கா வர்றா. கட்டிலை எங்க போடறது, உங்க தலையிலயா?"

"படிக்கத்தாம்மா..."

"எப்போ? ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. ஒண்ணாவது முடிச்சிருக்கீங்களா?"

கையிலிருந்ததை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பக்கம் தாண்டறதுக்குள்ள தூங்கிடறேன்மா. வாங்கறப்ப மட்டும் படிச்சு முடிச்ச மாதிரி இருக்கு. வீட்டுக்கு வந்தா அது போயிடுது. மறுநாள் திரும்பப் போறேன்."

பாவமாக இருந்தது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் எழுந்து சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். அதன்பின் எதையும் புரட்டவில்லை, அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. பேப்பர்காரர்தான் மனசு கேட்காமல், "ஒண்ணு ரெண்டு வச்சுக்குங்க சார்" என்றார். வேண்டாம் என்று தலையசைத்தார். மாடிப்படியும் காலியானதும் துடைப்பத்தை எடுத்து அவரே பெருக்கினார்.

மறுநாள் அக்காவை இரண்டு பக்கமும் தாங்கிக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்தோம். அத்தான் கட்டிலின் கால்மாட்டில் நின்றார், பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி. அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். வெறும் சுவர், ஜன்னல், ஒரு நாற்காலி. நல்லதாக ஒரு வார்த்தை சொல்வாள் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

"ஏங்க," என்றாள் சோர்ந்த குரலில், "நான் விழுந்தாத்தான் காலி பண்ணுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா, வயசு இருக்கறப்பவே விழுந்து தொலைச்சிருப்பேன். எலும்பாவது சீக்கிரம் கூடியிருக்கும்."