லட்டு வைத்து அளந்த அடக்கம்

கல்லூரிப் பிள்ளைகளிடம் தன்னடக்கம் எவ்வளவு இருக்கிறது, அது குறைந்தால் தப்புத்தண்டாவில் இறங்குகிறார்களா என்பதுதான் என் ஆய்வு. கேள்வித்தாள் போதாது, ஒரு சின்னச் சோதனையும் வை என்றார் திருப்பதியில் என் வழிகாட்டிப் பேராசிரியர். முன்னோட்டமாகச் செய்யும் இந்தச் சோதனை சொதப்பினால் தலைப்பையே மாற்றிவிடுவாராம். இதற்காக வீட்டில் கல்யாணப் பேச்சையே தள்ளிப்போட்டிருந்தேன் நான்.

சோதனை எளிது. ஒரு தின்பண்டத்தை முன்னால் வைத்து, நான் திரும்பி வரும்வரை தொடாவிட்டால் இன்னொன்று தருவேன் என்று சொல்லி வெளியே போக வேண்டும். முந்தின நாள்தான் நைனா, எங்கள் அப்பா, திருமலைக்குப் போய்ப் பிரசாத லட்டு கொண்டுவந்திருந்தார். அதைவிட ஆசை காட்டும் பண்டம் நம் ஜில்லாவில் ஏது? டப்பாவோடு சித்தூரில் இருந்த கல்லூரிக்கு பஸ் ஏறினேன். என் மூளையை என்னவென்று சொல்ல.

முதல் பெண்ணை உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் தட்டு காலி. அடுத்தவன், அதற்கடுத்தவள், எல்லோரும் அப்படியே. பரீட்சையில் பிட் அடித்ததே இல்லை என்று எழுதிய சாதுக்கள்கூட விட்டுவைக்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. முதல் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கொஞ்ச நேரம் பொறுக்க முடியலையாம்மா?"

"இன்னாக்கா நீ, பிரசாதத்த எதிர்ல வச்சிக்கினு துன்னாம குந்திக்கினு இருந்தா சாமி குத்தம் ஆயிடாதா? கண்ணுல ஒத்திக்கினுதான் துன்னேன்."

கடைசியாக வந்த பையன் மட்டும் லட்டைத் தொடவே இல்லை. அப்பாடா, ஒருவனாவது தேறினானே என்று அவன் கேள்வித்தாளைப் புரட்டினேன். பிட், சுவர் ஏறிக் குதித்து சினிமா, டிக்கெட் எடுக்காத ரயில் பயணம், எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டிருந்தான்.

"உனக்கு ஆசையே வரலையாப்பா?"

"ஏன் வராம? ஆஸ்டல்ல தண்ணி வரலக்கா. குளிக்காம எப்படித் தொட்றது?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

மறுநாள் பேராசிரியர் அறைக்குப் போகும்போது சிரிப்பு போய் பயம் வந்திருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டப்பாவை அவர் மேசைமேல் வைத்தேன். மூடியைத் திறந்து, ஒரு துண்டு கிள்ளி, கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

"சொல்லும்மா, முன்னோட்டம் என்னாச்சு?"

"எல்லாரும் இப்படித்தான் சார், நீங்க இப்ப செஞ்ச மாதிரியே."

முழுக்கதையையும் கேட்டு முடிப்பதற்குள் அவருக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "தலைப்பு அப்படியே இருக்கட்டும். அடுத்த தடவை சாக்லேட் வை. இதுல ஒண்ணு அந்தப் பையனுக்குக் குடுத்துடு, பாவம். குளிச்சிட்டு வரச் சொல்லு."