கூலியை உப்பாகக் கொடுத்த கதை

நிருபர் வேலையில் பாதி, செய்தி சேர்ப்பது. மீதி, செய்தியே இல்லாத நாளில் பக்கத்தை நிரப்புவது. அந்த மீதியில் மாட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு

புதுச்சேரி பதிப்பில் வாரம் ஒரு பிரெஞ்சு சொல்லை விளக்க வேண்டும் என்றார்கள். அந்த வேலை மரக்காணத்தில் உட்கார்ந்திருக்கும் என் தலையில் விழுந்தது. பிரெஞ்சு தெரியாது என்று உதவி ஆசிரியரிடம் போனில் சொன்னேன்.

"பாண்டிக்குப் பக்கத்துலதானே இருக்கீங்க? காத்துல கொஞ்சம் வந்திருக்கும், எழுதுங்க."

என் மூட்டை

முதல் சொல் 'சலேர்'. கூலி, சம்பளம் என்று பொருள். லத்தீனில் உப்புக்கு 'சால்', உப்பின் பேரில் கொடுத்த படிப்பணத்துக்கு 'சலாரியம்', அதிலிருந்து சலேர். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே உப்பளம் தெரிந்த மிதப்பில், ரோமானிய வீரர்கள் கூலியாக உப்பு மூட்டையையே சுமந்து போனார்கள் என்று சேர்த்தேன், கூடவே நடந்தவன் மாதிரி.

வெளியான அன்றே பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை ஒருவர் கூப்பிட்டார். செய்த தப்புக்குக் கிடைக்கும் தண்டனையையும் சலேர் என்பார்களாம், அதை விட்டுவிட்டேனாம். மூட்டைக்கோ சான்றே கிடையாதாம். திருத்தம் போடுகிறேன் என்றேன். போடவில்லை. போனை வைக்குமுன் அவர் சொன்னது இது:

"நீங்க எழுதினதுல உப்பு மட்டும்தாங்க நிஜம். மூட்டை உங்களோடது."

பேச்சுவார்த்தை

அடுத்த வாரம் உப்பளத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு முதலாளியோடு பேச உட்கார்ந்தார்கள். செய்திக்காக நானும் போயிருந்தேன். அவர்கள் தரப்பில் பேசிய செல்வி, பத்து வருஷமாகப் பாத்தியில் உப்பு வாருகிறவர். வெயிலில் நின்று, உப்புத்தண்ணீரில் கால் வெடிக்கச் செய்கிற வேலைக்கு மூன்று வருஷமாக அதே கூலி என்றார்.

முதலாளி சட்டைப்பையிலிருந்து என் கட்டுரையை எடுத்து விரித்தார். "பாரும்மா, ரோமாபுரியில பட்டாளத்துக்காரனே உப்பைத்தான் வாங்கிட்டுப் போயிருக்கான். நானும் உயர்வை உப்பாவே தர்றேன்."

"அதை நாங்க எங்க போய் விக்கிறது?" என்றார் செல்வி. ஆனால் பின்வரிசையில் இரண்டு பேர் யோசனையோடு தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பேப்பரிலேயே வந்துவிட்டதே!

எழுந்து நின்றேன். மூட்டைக் கதைக்கு ஆதாரம் இல்லை, நானாகச் சேர்த்தது, ஒரு வாரமாக எனக்கே தெரியும் என்றேன். முதலாளி காகிதத்தை மடித்தார். செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க சொல்லிட்டீங்க, சரி. பேப்பர்லயும் போடுங்க சார், அதே சைஸ்ல."

கேட்டதில் பாதியாவது, அதுவும் பணமாகவே, அவர்களுக்குக் கூலி உயர்ந்தது. என் திருத்தம் மட்டும் ஏழாம் பக்கத்தில், வரி விளம்பரங்களுக்குக் கீழே, மூன்று வரியில் வந்தது.