கிரவுன் ஆயில் மாற்றிய வீடு

டாக்சிக்காரரைக் கட்டிக்கொண்டவள் பாதி மெக்கானிக் ஆகாமல் தப்ப முடியாது. எனக்கு முதல் பாடம் சொன்னவன் என் தம்பி சண்முகம். செங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். எழுபத்தேழில் பழைய டாக்சி ஒன்று எங்கள் தென்காசி வீட்டு வாசலுக்கு வந்த அன்று, பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போலிருந்த உருண்டையைக் காட்டினான். அதுதான் கிரவுன். ஆயில் மாற்றும்போது, ஊற்றுகிற மேல் மூடி கழன்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கிற கீழ் மூடியில் கை வைக்க வேண்டும் என்றான். எனக்குப் புரிந்தது. வீட்டுக்காரருக்கும் புரிந்திருக்கும் என்று நம்பினேன். வீட்டில் வண்டி வைத்திருக்கும் சகோதரிகளே, நீங்களும் இப்படித்தானே நம்பினீர்கள்?

சூடேற்றப் போன வண்டி

சில வருஷம் கழித்து ஒரு சாரல் காலம். மூத்தவள் லட்சுமிக்குச் சிவகிரியில் வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவளை எங்கள் காரிலேயே கூட்டி வருவதாகச் சம்பந்தியம்மாளிடம் சொல்லியிருந்தோம். முந்தின நாள் பார்த்துக் கிரவுன் உறுமியது. அப்படியே ஓட்டினால் வழியில் நின்றுவிடும், வீட்டிலேயே ஆயிலை மாற்றிவிடுகிறேன் என்றார் அவர்.

ஆயில் சூடாக இருந்தால்தான் நன்றாக வடியுமாம். குற்றாலம்வரை ஓட்டிவரக் கிளம்பினார். வண்டி சும்மாதானே போகிறது என்று நாத்தனார் பிள்ளைகளோடும் எண்ணெய் சீயக்காயோடும் ஏறிக்கொண்டாள். குளித்துத் திரும்பினால் சீட்டெல்லாம் ஈரம். மறுநாள் மகள் பட்டுச்சேலையோடு உட்கார வேண்டிய சீட்டு. அதைக் கழற்றித் துடைத்துக் காயவைப்பதற்குள் ஆயில் ஆறிவிட்டது. மறுபடியும் சூடேற்ற வேண்டுமே என்று புலம்பினேன். நாத்தனார் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பம் பழைய குத்தாலத்துக்கு விடச் சொல்லுங்க மைனி, அங்கன கூட்டம் கம்மியா இருக்கும்."

புளியோதரைச் சட்டி

ஆறினது ஆறட்டும் என்று அவர் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். நான் சாயங்கால விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வளைகாப்புக்குப் புளியோதரை கிண்டக் கழுவி வைத்திருந்த பெரிய சட்டியில் கறுப்பு ஆயில் ஒழுகிக்கொண்டிருக்கிறது. வீச்சமோ அழுகின முட்டை. பிறகு புளி, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. ஸ்டாண்டில் கூட வண்டி ஓட்டும் சுடலைமுத்து ஒத்தாசைக்கு வந்திருந்தார். சட்டியை மோந்து பார்த்தார். "நல்லெண்ணெய கொஞ்சம் தாராளமா ஊத்திக் கிண்டுங்க மைனி, ஒருத்தருக்கும் தெரியாது."

மேல் மூடி

பழைய ஆயில் சொட்டில்லாமல் வடிந்த பிறகுதான் அவர் மேல் மூடியில் ஸ்பேனரைப் போட்டார். அது அசையவில்லை. வருஷக்கணக்கான துரு. வெந்நீர் ஊற்றினோம். சுடலைமுத்து தன் பலமெல்லாம் போட்டுத் திருகினார். மூடியின் மூலைகள் மழுங்கி, ஸ்பேனர் வழுக்கத் தொடங்கியது. வடித்தாயிற்று, ஊற்ற வழியில்லை. ஆயில் இல்லாமல் வண்டியைத் தெருமுனைவரைகூட ஓட்ட முடியாது. சீசன் ஆனதால் ஸ்டாண்டில் சுடலைமுத்து வண்டி உட்பட எல்லாவற்றையும் மறுநாளைக்கு ஆட்கள் பேசிவைத்திருந்தார்கள்.

விசுவநாதரைக் கும்பிட்டுக்கொண்டே, அன்றைக்கே சண்முகம் சொன்னானே என்று மெதுவாகத்தான் கேட்டேன். வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது: "ஏட்டி, ஒன் தம்பியையும் இதுக்கு அடியில கொண்டு வராத, இங்கன ஏற்கெனவே எடம் இல்ல."

சிவகிரி பஸ்

இரவல் சட்டிகளில் சித்ரான்னங்களைக் கிண்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினோம். சம்பந்தியம்மாள் எங்களைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். "கார் இருக்க வீடுன்னு சொல்லித்தான பொண்ணெடுத்தோம், மைனி" என்றாள். வீட்டுக்காரர் ஆயில் நாறும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வளையல் எல்லாம் அடுக்கி முடிந்ததும், பிள்ளைத்தாச்சியைப் பஸ்ஸில் அனுப்புவதற்கில்லை, கார் சரியானதும் வாருங்கள் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். மகளை விட்டுவிட்டு வெறும் சட்டியோடு எப்படித் திரும்புவது?

லட்சுமி இரண்டு கை நிறைய வளையலோடு தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அத்தை, எங்கப்பா கார்ல ஏறினா பாதி வழியிலயே எனக்கு வாந்தி வந்துரும். பஸ்ஸுலன்னா ஒண்ணும் செய்யாது. எந்திரிங்கம்மா, போவோம்."

அந்த மூடியை அப்புறம் சண்முகம்தான் வந்து கழற்றினான், ஆனால் எங்கள் வீட்டில் இன்றுவரை அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. உங்கள் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் படுக்கப்போனால், சோற்றுச் சட்டியை மட்டுமாவது முதலில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.