சரோஜா அம்மா கேட்ட பாத்ரூம்

ஈரமான வெள்ளை சிமென்ட் வாசனை எங்காவது அடித்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

மற்றவர்களுக்கு அது புது வீட்டு வாசனை. எனக்கு அடி அண்ணாமலை என்ற ஊரில் ஒரு வீடு நினைவுக்கு வரும்...

பதினைந்து வருடம் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய வீடுகளில் சமையலறையையும் பாத்ரூமையும் மாற்றிக் கட்ட பிளான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் முறை தவற மாட்டேன். டேப்பை எடுக்கும் முன்பு வீட்டில் இருப்பவர்களிடம் அரைமணி நேரமாவது பேசுவேன். யார் சமைக்கிறார்கள், எந்தக் கையால் குடம் தூக்குகிறார்கள், யாருக்கு இடுப்பு வலி... எல்லாம் நோட்டில் ஏறிவிடும்.

அந்த வீட்டுக்காரர் ஏழுமலை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். கிரிவலப் பாதையை ஒட்டிய வீடு. சமையல் மேடைக்காக அவர் மனைவி சரோஜா அம்மாவை நிற்கவைத்து முழங்கை உயரத்தை அளந்தேன். வெட்கப்பட்டுச் சிரித்தார். கணவர் வெளியே போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"மேடை எப்படி இருந்தாலும் சமைச்சிடுவேன் சார். முட்டிதான் மடங்க மாட்டேங்குது. பின்னாடி கக்கூஸுல உட்கார்ந்தா, குழாயைப் புடிச்சிக்கினுதான் எழுந்திருக்கறேன். அது என்னிக்கு கையோட வரப்போவுதோ..."

போய்ப் பார்த்தேன். சுவரில் குழாய் ஆடியது.

படுக்கையறையை ஒட்டி ஒரு சின்ன பாத்ரூம் வரைந்தேன். வெஸ்டர்ன் டாய்லெட். வலது கை எட்டும் இடத்தில் சுவரில் ஒரு கைப்பிடி. அளவு சரியா என்று மூன்று முறை பார்த்தேன். எனக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

ஏழுமலை பிளானைப் பார்த்தார்.

"வெஸ்டர்னா? சூப்பர் சார். இதையே ரெண்டாப் போடுங்க. ரோட்டுப் பக்கமா. கதவு வெளியில தொறக்கற மாதிரி."

"இது அம்மாவுக்காகப் போட்டதுங்க..."

"பௌர்ணமிக்கு மெட்ராஸ், பெங்களூர்லேருந்து வர்றவங்க வெஸ்டர்ன்தான் சார் கேக்கறாங்க, காசும் குடுப்பாங்க. இவளுக்கு இன்னாத்துக்கு? எல்லாம் பழக்கம்தான். இன்னாடி, நான் சொல்றது?"

"ஆமா, நான் இன்னா கலெக்டரா?" என்றார் சரோஜா அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் என்ன செய்தேன்? ரப்பரை எடுத்தேன். அழித்தேன். அந்தக் கைப்பிடியைக்கூடத் தெருப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன்... முட்டி வலி உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியவே தெரியாத யாரோ சிலருக்காக. பின்பக்கத்துக் குழாயை மட்டும் இறுக்கிக் கொடுக்கும்படி கொத்தனாரிடம் சொன்னேன். என் வீரம் அவ்வளவுதான்.

மறு வருடம் ஒரு பௌர்ணமி. சாயங்காலம் கிரிவலம் நடக்கக் கிளம்பினேன். வயதாகிவிட்டது, பாதி வழியில் சிறுநீரை அடக்க முடியவில்லை. நின்ற இடம் அந்த வீட்டு வாசல். சாவியோடு சரோஜா அம்மா நின்றிருந்தார். எதிரே நீளமான வரிசை. என்னைப் பார்த்ததும், "பெரியவர் சார், கொஞ்சம் வழி விடுங்க" என்று வரிசையில் நின்றவர்களிடம் சொல்லி என்னை முன்னால் அனுப்பினார்.

வெளியே வந்ததும் கேட்டார்.

"நல்லா இருக்குதா சார்?"

"நல்லா இருக்கும்மா."

"தேய்க்கறது நான்தான். ஒரு நாள்கூட உள்ள உட்கார்ந்ததில்ல. மத்த நாள்ல பூட்டி சாவியை அவரே வச்சிக்குவாரு." குரலைத் தாழ்த்தினார். "பின்னாடி கக்கூஸுக்குப் போற சந்துல பூரா ஜனம் நிக்குது, பாத்தீங்களா? பௌர்ணமின்னா காலையிலேருந்து நான் தண்ணியே குடிக்கறதில்ல."

நான் அந்தச் சந்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு உதவி பண்ணுங்க சார். ரெண்டாவதுல பைப்பு சரியில்ல, ஜாஸ்தி பேர் போனா தாங்காது, வீட்டாளுங்க மட்டும் புழங்கட்டும்னு அவருகிட்ட சொல்லிடுங்க. இன்ஜினியர் சொன்னா கேட்டுக்குவாரு."

சரி என்று தலையாட்டினேன். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் வரிசையாக அடுக்கியும் வைத்துக்கொண்டேன். ஏழுமலை உள்ளேயிருந்து வந்தார்.

"வாங்க வாங்க! நம்ம வேலை எப்படி சார்? எதனா கொறை இருக்குதா?"

சரோஜா அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஒரு குறையும் இல்லைங்க" என்றேன்.

"கேட்டுக்கினியா? சாரே சொல்லிட்டாரு!"

சரோஜா அம்மா வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு, நான் போய்விட்டு வந்த பாத்ரூமுக்குள் போனார். தேய்க்கிற சத்தம் கேட்டது. நான் கூட்டத்தோடு நடந்துவிட்டேன்.

தன் வீட்டுக்குள்ளேயே மனைவிக்குக் கதவைப் பூட்டி வைத்த அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் பெரிய கோபம் என் மேல்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை என்று வழி நெடுக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன். பயம் என்று ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. டைல்ஸில் ஆயிரம் டிசைன். போனிலேயே முப்பது படம் காட்டி, "இதே மாதிரி வேணும் சார்" என்கிறார்கள். அளவெடுத்து, பேசி, நோட்டில் எழுத யாருக்கும் பொறுமை இல்லை. ஒன்று மட்டும் மாறவில்லை. போன மாதம் வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டு அம்மாவிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றேன். "அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும் சார், நீங்க போடுங்க" என்றார் வீட்டுக்காரர்.

எழுந்துவிட்டேன். "அவங்க வந்து சொன்னா போடறேன். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க." கத்தியே விட்டேன். அந்த மனிதர் திகைத்துப்போனார். பாவம், அதில் பாதிக் கோபம் அவருக்குரியது இல்லை.

ஏழுமலை வீடு இப்போது மூன்று மாடி லாட்ஜ். பௌர்ணமியன்று வாசலில் வேறு யாரோ நிற்கிறார்கள். சரோஜா அம்மா எங்கே, எப்படி இருக்கிறார் என்று கேட்க வேண்டும் என நினைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் கடந்து போகிறேன்.

இன்னும் கேட்கவில்லை.