அனுபவமில்லாத ஆள் தேவை

'காயில்' என்ற பட்டப்பெயரை அவளுக்கு வைத்தது தெருதான். அக்கா புருஷனுடைய மோட்டார் வைண்டிங் கடையில் ஆறு வருஷமாகச் செம்புக் கம்பியைக் காயில் காயிலாகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? செத்துப்போன மோட்டாரை முகர்ந்து பார்த்தே வெந்தது காயிலா பேரிங்கா என்று சொல்லிவிடுவாள். அத்தான் வாசல் பக்கம் உட்கார்ந்து வந்தவர்களோடு வாயடிப்பார். வாய்க்கு ஒருத்தர், கைக்கு ஒருத்தி. கடை ஜோராக ஓடியது.

குடிநீர்த் துறையில் எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸ் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. ஒரு வருஷம் பழகினால் அரசாங்கச் சான்றிதழ். அது கையில் இருந்தால்தான் பின்னால் நிரந்தர வேலைக்கு மனுவே போட முடியும். வயது வரம்பு இருபத்தெட்டு. அவளுக்கு அது முடிய இரண்டே மாதம். இதை விட்டால் அவ்வளவுதான்.

அத்தான் அமர்க்களப்படுத்திவிட்டார். கடை லெட்டர்பேடில் 'ஆறு ஆண்டுகள் அயராது பணியாற்றியவர், நிகரற்ற அனுபவசாலி' என்று எழுதி, முத்திரையை ஒன்றுக்கு மூன்றாகக் குத்தினார்.

"இதைப் பார்த்தா நாற்காலி போட்டு உக்கார வைப்பாங்க, பாரு!"

உட்கார வைக்கத்தான் செய்தார்கள். சான்றிதழ் சரிபார்க்கும் எழுத்தரம்மா, அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"ஆறு வருஷமா வேலை பாக்குறீங்களா?"

"ஆமா மேடம்." பெருமை முகத்தில் வழிந்தது.

"அப்ப உங்களை எடுக்க முடியாதும்மா. இது வேலை கத்துக்க வர்றவங்களுக்கான இடம். ஒரு வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அறிவிப்பைப் படிக்கலையா?"

எங்கே படித்தாள்! வயசு, கட்டணம், கடைசித் தேதி, இதைத் தாண்டி அறிவிப்பில் யார் எதைப் படிக்கிறார்கள்?

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எழுத்தரம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. "மாசம் எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டார்.

"வீட்டு ஆளுக்கு ஏது மேடம் சம்பளம்? அக்கா வீட்லதானே இருக்கேன். சாப்பாடு போடுறாங்க."

"ஆறு வருஷமாவா? ஒரு பைசா இல்லாமலா?"

வேறொருத்தர் வாயால் கேட்ட பிறகுதான் காயிலுக்கே அது உறைத்தது.

எழுத்தரம்மா பெருமூச்சு விட்டார். "அப்ப அது வேலைக் கணக்குலயே வராது. அதையே உங்க அத்தான்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. நாலு மணி வரைக்கும் இருப்பேன்."

காயில் விழுந்தடித்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அத்தான் குதித்தார்.

"என் கையால எழுதினதை நானே இல்லைன்னு எழுதறதா? கடை மானம் என்னாவறது?"

"பொய் எழுதச் சொல்லல அத்தான். எனக்குச் சம்பளம் குடுத்தீங்களா, இல்லையா?"

அத்தான் தலை நிமிராமல் எழுதினார்: 'இவர் எங்களிடம் பணியாளராக இருந்ததில்லை. ஊதியம் எதுவும் பெற்றதில்லை.' இந்தத் தடவை ஒரே ஒரு முத்திரை, அதுவும் கோணலாக விழுந்தது.

மூன்றே முக்காலுக்கு அவள் பெயர் பட்டியலில் ஏறியது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இடம் கிடைத்த சந்தோஷம் பாதி. ஆறு வருஷத்தை இரண்டு வரியில் துடைத்துப் போட்டுவிட்டார்களே என்ற ஆத்திரம் மீதி.

வேலையில் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், புதுச் சீருடையோடு அவள் தெருமுனையில் திரும்பியபோதே அத்தான் கடை வாசலுக்கு வந்துவிட்டார். காலடியில் ஒரு மோட்டார்.

"வந்துட்டியா? முகத்தைக் கழுவிட்டு இதைக் கொஞ்சம் சுத்திக் குடுத்துடும்மா. அவசரமாம்."

காயில் அந்த மோட்டாரையும் அத்தானையும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஐயையோ, எனக்கு அதெல்லாம் தெரியாது அத்தான். இப்பத்தானே கத்துக்கவே சேர்ந்திருக்கேன். தெரிஞ்ச ஆளாப் பாத்து, சம்பளம் பேசி வைங்க."