மூன்றாவது வேட்டும் வேதகிரி கல்யாணமும்

உத்திரமேரூருக்குத் தெற்கே கல்மேடு என்றொரு மலையூர். மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு பனை உயரம் இருந்தது, ரோடு போடக் கல் வெட்டி வெட்டி 1958-ல் ஒன்றரைப் பனைக்கு வந்துவிட்டது. மலை இறங்க இறங்க ஊர் ஏறியது. மூன்று குடிசை முப்பத்தாறாயிற்று. அவ்வூர்ச் சரித்திரம் இவ்வளவுதான். மன்னர்கள் யாரும் வந்து போனதாகத் தகவல் இல்லை.

அந்தக் குறையை வேதகிரி தீர்த்துவைத்தான். பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரி கொளுத்துவது அவன் உத்தியோகம். "வேட்டேய்!" என்று அவன் கத்தினால் ஊரே வண்டிக்கடியில் படுக்கும். போட்ட குழி அத்தனையும் வெடித்ததை அவன் எண்ணி முடித்த பிறகே எழும். இந்தச் சட்டத்தால்தான் அவ்வூரில் எல்லோருக்கும் இரண்டிரண்டு கால்கள் மிஞ்சியிருந்தன.

முப்பது வயதில் அவனுக்குத் தென்னேரியில் எல்லம்மாள் என்ற பெண் அமைந்தாள். அதற்குமுன் ஆறு இடத்தில், "கல்லு உடைக்கிற ஊருக்கா?" என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். இதுவும் தவறினால் எட்டாவது இடம் தேட ஜில்லாவில் ஊர் பாக்கியில்லை.

பெண்ணின் அப்பா ஏகாம்பரம், தாலி கட்டும் நேரத்துக்கென்று மூன்று அதிர்வேட்டு வாங்கி, அதை எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தார். வேதகிரி தாலியைக் கையில் எடுத்தான். பந்தலுக்கு வெளியே ஒருவன், "வேட்டு வெக்கிறேன்!" என்று குரல் கொடுத்தான்.

கல்மேட்டார் அத்தனை பேரும் பாய்ந்தோடி, தாங்கள் வந்த வண்டிகளுக்கு அடியில் படுத்தார்கள். முதல் ஆள் மாப்பிள்ளை. தாலி கையிலேயே இருந்தது.

டம்! டம்! இரண்டோடு நின்றது. மூன்றாவது நமுத்துப்போயிருந்தது.

ஏகாம்பரம் வண்டி முன் குனிந்தார். "இன்னா மாப்ளே கூத்து இது? வெளிய வாய்யா, முகூர்த்தம் போய்க்கினு கீது!"

"இன்னும் ஒண்ணு பாக்கி கீது மாமா. நீங்களும் படுங்க."

"அது நமுத்த வேட்டுய்யா!"

"வெடிச்சது ஒண்ணும் பண்ணாது மாமா. வெடிக்காததுதான் ஆளைத் தூக்கும்."

"தாலிய எடுத்துக்கினு ஓடனவனுக்கு எம் பொண்ணு இல்ல! வண்டியக் கட்டிக்கினு போங்கடா உங்க மலைக்கு!"

வேதகிரி ஒரு முழம் வெளியே நகர்ந்தான். அவன் தலை நகர, பின்னால் இருபது தலை நகர்ந்தது. மூன்றாவது வெடிக்காமல் இருபது பேரை எழுப்ப மனம் வராமல் மறுபடி உள்ளே போனான்.

மணையிலிருந்து எல்லம்மாளே எழுந்து வந்தாள்.

"மூணும் வெடிக்காம எந்திரிக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"உங்க ஊர்லயும் இதே ரோதனையா?"

"தெனம் ரெண்டு வேளை."

அவள் அப்பாவைப் பார்த்தாள். "நைனா, நம்ம வூட்ல யாருக்குமே மூணு வரைக்கும் எண்ணத் தெரியாது. இவனுக்காவது தெரியுதே." பிறகு குனிந்து, "தள்ளிப் படு" என்று கூறைச்சேலையோடு உள்ளே நுழைந்தாள்.

ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டு நாயனக்காரரிடம், "ஊதுய்யா!" என்றார்.

"எந்தப் பக்கம் பாத்து ஊதறது?"

"சக்கரத்தப் பாத்து!"

வேதகிரி படுத்தவாக்கில் மூன்று முடிச்சும் போட்டான். பெரியவர்கள் மண்டியிட்டு அட்சதை போட்டார்கள்; பாதி அச்சாணியில் விழுந்தது.